சேலத்தில் யூதப் படங்கள் போட்டால் யார் வருவார்கள்?

அஸ்தம்பட்டிவாசி:
எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடியில் மாதம் ஒரு படம் போடுகிறோம், இருபது பேர் வந்தாலே பெரிய கூட்டம். அடுத்த மூன்று ஞாயிறும் யூதர்களைப் பற்றிய படமாகவே போடலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பட்டியல் எழுத உட்கார்ந்தால் எல்லாமே நாஜி வதைமுகாமாக வருகிறது. "ஞாயித்துக்கிழமையும் அழறதுக்கா கூப்பிடறீங்க" என்று கீழ்வீட்டு அக்கா இப்போதே கேட்டுவிட்டார். வேறு என்ன போடலாம்?

பழையபட ரசிகை:
அக்கா கேட்டது நியாயம்தான். முகாம் படம் ஒன்று போதும், அதையும் கடைசி வாரம் வையுங்கள். முதலில் எரான் கோலிரின் எடுத்த 'தி பேண்ட்ஸ் விசிட்' (2007). எகிப்து போலீஸ் பேண்டுக்காரர்கள் இஸ்ரேலில் பெட்டா டிக்வா போக வேண்டியவர்கள், பெயர்க் குழப்பத்தில் பஸ் மாறி ஏறி பெட் ஹடிக்வா என்ற பாலைவனத்து ஊரில் இறங்கிவிடுகிறார்கள், மறுநாள்தான் அடுத்த பஸ், அவ்வளவுதான் கதை. இவர்கள் பேசுவது அரபி, ஊர்க்காரர்கள் ஹீப்ரு, அதனால் இரண்டு பக்கமும் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். பாதிக்கு மேல் இங்கிலீஷ் என்று சொல்லித்தான் ஆஸ்கர் வெளிநாட்டு மொழிப் பிரிவில் சேர்க்கவில்லை, நமக்கோ அது வசதி. இரண்டாவதாக இந்தி நடிகை நாதிராவுக்காகவே 'ஸ்ரீ 420' (1955). அவரும் மௌனப்பட நட்சத்திரம் சுலோச்சனாவும் பாக்தாதி யூதக் குடும்பத்துப் பெண்கள் (பாக்தாத் பக்கமிருந்து இந்தியாவுக்கு வந்த யூதர்கள்), சுலோச்சனாவின் சொந்தப் பெயர் ரூபி மையர்ஸ்.

ஏற்காட்டுக்காரன்:
இன்னும் பெயர்கள் வேண்டுமென்றால் சான் பிரான்சிஸ்கோ யூதத் திரைப்பட விழாவில் போட்டவற்றைத் தேடுங்கள், 1980-இலிருந்து நடக்கிறது. அனுமதியை மறக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கிய டிவிடி என்றாலும் பொதுவில் போட உரிமை கேட்க வேண்டும்.
அப்புறம் திரை. மலையில் நாங்கள் வேட்டி கட்டித்தான் போட்டோம், சப்டைட்டில் மொத்தமும் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விட, பின்னாலிருந்தவர்கள் வரிக்கு வரி எழுந்து உட்கார்ந்தார்கள். இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள்.
யாராவது காஸா பேச்சை எடுப்பார்கள், எடுக்கட்டும். யூதர் வேறு, இஸ்ரேல் அரசு வேறு என்று மட்டும் படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
அக்காவிடம் பேண்டுக்காரர்கள் கதையைச் சொன்னேன். புது பஸ் ஸ்டாண்டில் அவர் காத்திருக்க, வீட்டுக்காரர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்ற கதையை அரைமணி நேரம் சொன்னார். முதல் வாரம் வருகிறாராம், ஆனால் நாற்காலி வேண்டும் என்கிறார்.