வரப்பே இல்லாத வயல்: லாக்ஸ்டன் போன கதை (நீங்களும் பழைய இங்கிலீஷ் கிராமம் போயிருந்தா எழுதுங்க)

நாட்டிங்ஹாம் பக்கம் வந்து நாலு வருஷம் ஆகுது, கோட்டை கத்தீட்ரல்னு நிறைய பாத்தாச்சு, ஆனா மனசுல நின்னது லாக்ஸ்டன்னு ஒரு சின்ன ஊருதான். ஒரு சர்ச், ஒரு பப், தெருவுக்கு பக்கவாட்டா திரும்பி நிக்கிற செங்கல் பண்ணை வீடுங்க, அவ்வளவுதான். கார விட்டு இறங்கினதும் "இதுக்கா இவ்ளோ தூரம்"னு வீட்டம்மா ஒரு பார்வை பாத்தாங்க.

வயலுக்கு நடந்தாதான் விஷயமே. இங்க மத்த ஊர்ல வயலைச் சுத்தி செடி வேலி இருக்கும்ல, லாக்ஸ்டன்ல வேலியும் இல்ல வரப்பும் இல்ல, ஒரே வெட்டவெளி. ஆனா ஒரே ஆளு பயிர் பண்றது இல்ல. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல்னு மூணு, ஒவ்வொண்ணுலயும் பல விவசாயிங்களுக்கு பட்டை பட்டையா துண்டு. ஒண்ணுல கோதுமை, இன்னொண்ணுல வசந்த காலத்து விதைப்பு, மூணாவதுக்கு ஓய்வு, அடுத்த வருஷம் சுழற்சி மாறும். 1086ல ராஜா நாடு பூரா எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்குலயே இந்த ஊர் பேரு இருக்கு. அந்தக் காலத்துல இங்கிலாந்துல பாதி இப்படித்தான் விவசாயம் பண்ணிருக்கு, பின்னாடி வேலி போட்டு பிரிச்சுட்டாங்க. இங்க மட்டும் ரெண்டு பெரிய நிலக்காரங்களுக்கு ஒத்துப்போகாம பிரிக்கிற வேலை நின்னுபோச்சுனு சொல்றாங்க. பங்காளிச் சண்டையால ஊருக்கு நல்லது நடந்தது இங்கதான் பாத்தேன் 😄

நாங்க போனது நவம்பர் கடைசி. ஏழெட்டு பேரு சேறு படிஞ்ச பூட்ஸோட வயல் ஓரத்துல நின்னு மரக்குச்சிய சுத்தியலால அடிச்சிட்டு இருந்தாங்க. ஏதோ சர்வேனு நெனச்சேன். பப்ல விசாரிச்சா அவங்கதான் ஊர் ஜூரியாம், எல்லாம் விவசாயிங்க, கோதுமை விதைச்ச வயலை வருஷா வருஷம் சுத்திப் பாத்து யாராவது பொதுப் பாதையையோ புல் நிலத்தையோ சேத்து உழுதிருக்காங்களான்னு பாப்பாங்க. உழுதிருந்தா அபராதம். அதுக்கு கோர்ட் லீட்னு தனி சபை, அந்த பப்லயே கூடும், 1977ல பழைய மேனர் (நம்ம ஜமீன் மாதிரி) கோர்ட்டுங்க அதிகாரத்த சட்டம் போட்டு எடுத்தப்ப இதுக்கு விட்டு வச்சிருக்காங்க. எங்க ஊர்ல ஒரு சாண் வரப்புக்கு கோர்ட்டுல முப்பது வருஷம் இழுக்குது, இங்க ஒரு மதிய சாப்பாட்டோட முடிஞ்சுடுது.

—

அண்ணா சூப்பர். நான் போனது யார்க்‌ஷயர்ல 'வாரம் பெர்ஸி'ங்கிற ஊருக்கு, உங்க ஊருக்கு நேர் எதிர், அங்க ஆளே இல்ல. கார் பார்க்ல இருந்து சரிவுல இறங்கி நடக்கணும், கூரை போன சர்ச் ஒண்ணு, மத்ததெல்லாம் புல்லுக்கு அடியில. சாயங்கால வெயில் சாய்வா விழுந்தப்பதான் புல்லுல செவ்வக செவ்வகமா மேடு தெரிஞ்சுது, ஒவ்வொண்ணும் ஒரு வீடு! பிளேக்ல எல்லாரும் செத்து காலியான ஊருனு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்லிட்டு இருந்தான், அங்க இருக்கிற போர்டுல படிச்சா அதுக்கப்புறமும் ஜனம் இருந்திருக்கு, 1500 வாக்குல ஆட்டுக்கம்பளி லாபம்னு மேய்ச்சலுக்காக மிச்ச குடும்பங்கள வெளியேத்திட்டாங்க. 1950ல இருந்து 40 வருஷம் கோடைக்கு கோடை தோண்டியிருக்காங்க. எரிச்சு வெட்டின மனுஷ எலும்புங்க கூட கிடைச்சிருக்கு, செத்தவன் எழுந்து வந்துடக்கூடாதுன்னு பண்ணிருக்கலாம்னு 2017ல ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னாங்க. இத திரும்பி வர்ற வழியில இருட்டுல படிச்சிருக்கக் கூடாது நான்.

—

ஒரு கேள்வி, லாக்ஸ்டனுக்கு குழந்தைங்கள கூட்டிட்டு போனா போர் அடிக்குமா?

—

தாராளமா போங்க தம்பி. சர்ச்சுக்கு வடக்க பழைய கோட்டை இருந்த மண்மேடு இருக்கு, கல்லு ஒண்ணும் மிஞ்சல, உருண்டு விளையாட செம. உழ முடியாத ஈரப் புல் நிலத்த அங்க சைக்ஸ்னு சொல்றாங்க, கோடைல காட்டுப்பூவா இருக்கும், அதோட புல்லையும் வருஷா வருஷம் ஏலம் விடுவாங்களாம், ஜூன் வாக்குல போங்க. நவம்பர்ல மட்டும் வேணாம், என் ஷூ இன்னும் பால்கனிலதான் கிடக்கு.