மறுமொழி: ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’ – ‘ஆடைக்கோவை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒன்றோடொன்று சேரும்படி தேர்ந்த சில துணிகளை மட்டும் வைத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த சொற்களையெல்லாம் ஒரே மடலில் வைத்துப் பேசிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். முதன்முறையாக வேலைக்குப் போகும் பெண்களுக்காக நாங்கள் எழுதிவரும் கையேட்டில் துணிமணி பற்றிய பகுதி இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறது. மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பி, விடுதிக்குக் கட்டி, மிச்சத்தில் துணி எடுக்கிற பெண் இந்தப் பகுதியைப் படிக்கப்போகிறாள். பார்த்ததும் பொருள் விளங்குகிற சொல்லாக அது இருக்க வேண்டும்.

> ‘குளிகை உடைப்பேழை’ என்பதே மூலத்துக்கு நெருக்கம். கேப்ஸ்யூல் என்றால் குளிகைதானே.

ஐயா, மூலத்துக்கு நெருக்கமாக நிற்க வேண்டும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மூலத்தில் மாத்திரை எதுவும் இல்லை. லண்டனில் சூசி ஃபோ என்பவர் 1973-இல் ‘வார்ட்ரோப்’ என்ற பெயரிலேயே ஒரு துணிக்கடை திறந்தார். இந்தச் சொல் பரவியது பெரும்பாலும் அவர் வழியாகத்தான். சீக்கிரம் பழசாகாத, நல்ல வெட்டும் நல்ல தையலும் உள்ள சில உருப்படிகளை வைத்துக்கொள்வது. பருவத்துக்குப் பருவம் ஒன்றிரண்டை மட்டும் புதிதாகச் சேர்ப்பது. இவ்வளவுதான் அவர் சொன்ன வழி. 1985-இல் நியூயார்க்கில் டோனா கேரன் ஏழே உருப்படிகளை அடிப்படையாக வைத்து ஒரு வரிசையை வெளியிட்டார். மாற்றி மாற்றிச் சேர்த்துப் போட்டால் காலை அலுவலகத்துக்கும் மாலை விருந்துக்கும் அதுவே போதும் என்பது அதன் கணக்கு. இரண்டிலும் ‘கேப்ஸ்யூல்’ என்பதற்குச் சிறியது, தன்னளவில் நிறைவானது என்றுதான் பொருள். குளிகை என்று எழுதினால் நம் வாசகருக்கு மருந்துக்கடைதான் நினைவுக்கு வரும்.

> ‘சிற்றலமாரி’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் இரண்டு இடத்தில் தடுக்குகிறது. ஒன்று, அலமாரி என்று நாம் சொல்வது மரச்சாமானை. போர்த்துகீசியரிடமிருந்து வந்த அந்தச் சொல்லை உள்ளே இருக்கும் துணிக்கு நாம் என்றும் ஏற்றிச் சொன்னதில்லை, பீரோவும் அப்படித்தான். ஒருவரிடம் இருக்கிற மொத்தத் துணிக்கும் நம்மிடம் நல்ல சொல் ஒன்று புழங்குகிறது: துணிமணி. ‘வார்ட்ரோப்’ என்று தனியாக வருகிற இடத்திலெல்லாம் கையேட்டில் துணிமணி என்றே எழுதிவிட்டோம், ஓர் இடத்திலும் உறுத்தவில்லை.

இரண்டாவது தடைதான் பெரியது. ‘சிறு’, ‘குறு’, ‘அளவு’ என்று தொடங்கும் எல்லாச் சொற்களும் (குறும்பேழை, அளவுடை உட்பட) எண்ணிக்கை குறைவு என்பதை மட்டுமே சொல்கின்றன. பத்து உருப்படி வைத்திருந்து அதில் ஒன்றோடு ஒன்று சேராவிட்டால் அதுவும் சிறிய அலமாரிதான். காலையில் நின்று யோசிக்கும் தொல்லை அதில் ஒரு துளியும் குறையாது.

இதை ஒரு கணக்கோடு காட்டுகிறேன். கடையில் டாப், பேண்ட், ஷால் மூன்றும் சேர்ந்த சுடிதார் செட்டாக ஐந்து எடுத்தால், உருப்படி பதினைந்து, ஆனால் உடுத்தக் கிடைப்பது ஐந்தே ஐந்து விதம். அதற்குப் பதிலாக ஐந்து டாப், மூன்று பேண்ட், இரண்டு ஷால், எல்லாமே எல்லாவற்றோடும் சேரும்படி எடுத்தால், உருப்படி பத்துதான், விதம் முப்பது. இப்போது அந்த ஐந்து டாப்பில் ஒன்று மட்டும் ஒரே ஒரு பேண்ட்டோடும் ஒரே ஒரு ஷாலோடும்தான் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது இருபத்தைந்தாகிவிடும். உருப்படி குறையவே இல்லை, விதம் ஐந்து குறைந்துவிட்டது. ஆகவே இதன் உயிர் ஒன்றோடொன்று சேர்வதில் இருக்கிறது. கலைச்சொல்லில் அது தெரிந்தே ஆக வேண்டும். நான் இந்த இழையில் விடாமல் வலியுறுத்துவது இதை ஒன்றைத்தான்.

> இது மேற்கத்திய உடைக்கான கருத்து. சேலைக்குப் பொருந்தாது. சேலைக்கு ஏது செட்?

அக்கா, இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். சேலைக்கு இது மிக நன்றாகப் பொருந்தும். நம் பழைய நெசவிலேயே அதற்கான ஏற்பாடு இருக்கிறது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டின் ஊடைநூலும் (குறுக்கே ஓடும் நூல்) வேறு வேறு என்பதால் மூன்று நாடா (அந்த நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓட்டி, உடலும் கரையும் தொடுகிற இடத்தில் நூலை நூலோடு பூட்டி நெய்கிறார்கள். ஓரத்து நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கும் அந்த வேற்றுநிறக் கரைதான் ரவிக்கையின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை போட்ட பச்சை, அரக்குக் கரை போட்ட சந்தனம் மூன்றுக்கும் ஓர் அரக்கு ரவிக்கை போதும். செட்டிநாட்டுக் கண்டாங்கியிலும் இப்படியே. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு இவைதாம் உடலிலும் கரையிலும் கட்டத்திலும் மாறி மாறி வரும். செங்கல் சிவப்பில் நல்ல பருத்தி ரவிக்கை ஒன்று இருந்தால் கண்டாங்கிகளில் பெரும்பாலானவற்றை அதைக் கொண்டே கட்டிவிடலாம்.

இது தளர்ந்தது, சேலையின் கடைசியில் அதே துணியில் ரவிக்கைத் துண்டையும் சேர்த்து விற்கத் தொடங்கிய பிறகு. அதை வெட்டித் தைத்தால் அந்த ரவிக்கை அந்தச் சேலையோடு முடிந்தது. அது இல்லாத சேலைக்கு மேட்சிங் சென்டருக்குப் போய், முந்தானையைத் தட்டில் இருக்கும் டூ பை டூ ரவிக்கைத் துணியோடு வைத்துப் பார்த்து, அதே சாயலை எடுத்துத் தைக்கிறோம். எட்டுச் சேலை, எட்டு ரவிக்கை, எட்டு விதம். ரவிக்கைக்குத் தையற்கூலி இன்று விற்கிற விலையில், சில பருத்திச் சேலைகளுக்கு ரவிக்கையின் செலவே சேலையின் விலையைத் தொட்டுவிடுகிறது. அரக்கு, கறுப்பு, சந்தனம் என்று மூன்று ரவிக்கைகளை நன்றாகத் தைத்து வைத்துக்கொண்டால் இந்த எட்டில் பாதிக்கு மேல் அவற்றிலேயே நடந்துவிடும். அந்த மூன்றையும் தைக்கக் கொடுக்கும்போதே பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போட்டுத் தரச் சொல்லுங்கள். உடம்பு கொஞ்சம் பூசினாலும் ஒரு வரியைப் பிரித்துவிட்டால் ரவிக்கை மறுபடி உங்களுடையது. அடிக்கடி போடுகிற உருப்படிக்குத்தான் இந்தக் கவனம் மிகத் தேவை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

நெசவாளர் சொல்லும் கோர்வைக்கும் நூலில் மணி கோப்பதற்கும் வேர் ஒன்று. அதிலிருந்து பிறந்த ‘கோவை’ நம்மிடம் தொகுப்பு என்ற பொருளில் வெகுகாலமாக இருக்கிறது. வெறும் குவியலை யாரும் கோவை என்பதில்லை. ஒன்றோடு ஒன்று தொடுத்து வைத்ததே கோவை. அதனால் நான் முன்வைப்பது ஆடைக்கோவை. ‘உடைக்கோவை’ என்று ஒரு தம்பி முன்பே எழுதியிருந்தார், அவருக்கே நன்றி. ‘உடைக்க’ என்று கண் தடுக்கி விழுவதால் ஆடை என்று மட்டும் மாற்றியிருக்கிறேன்.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் உடுப்பு என்றுதான் சொல்லுவம். அத்தோடு கோவை எண்டால் எங்களுக்கு அலுவலகக் கோவை. ஆடைக்கோவை எண்டால் உடுப்புப் பற்றிய பைல் மாதிரி இருக்கு.

இது முக்கியமான மறுப்பு. இலங்கைத் தமிழில் உடுப்புதான் புழங்கும் சொல், நல்ல சொல்லும் கூட. ஆனால் ஆடை இரு கரையிலும் எழுத்தில் புழங்குவதால் அதையே வைக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் பக்கம் ‘உடுப்புக்கோவை’ என்று எழுதினாலும் யாருக்கும் பொருள் தப்பாது. அகராதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்துவிடலாம். கோப்பு என்ற பொருள் குறுக்கிடுவதைப் பற்றி: நீங்களே ‘தண்டனைச் சட்டக்கோவை’ என்று எழுதுகிறீர்கள் அல்லவா? அங்கே கோவை என்பது ஒரு பிரிவை இன்னொரு பிரிவோடு சேர்த்துப் படித்தால்தான் முழுப்பொருள் தருகிற தொகுதி. நமக்கு வேண்டிய பொருளும் அதுவே.

> கோத்தது என்றால் ஒரு வரிசை உண்டு. இதில் வரிசை இல்லையே, மாற்றி மாற்றித்தானே போடுகிறோம்?

இதற்கும் மேலே சொன்ன சட்டக்கோவையே விடை என்று நினைக்கிறேன். வரிசை எண் இருந்தாலும் எந்தப் பிரிவையும் எதனோடும் சேர்த்துப் பார்க்கலாம். ‘சேருடைத் தொகுதி’, ‘இணையாடைத் தொகுப்பு’ இரண்டும் பொருளில் இதைவிடத் துல்லியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயில் வராது. “எனக்கு ஓர் ஆடைக்கோவை போட்டுக் கொடு” என்று தோழியிடம் கேட்க முடிகிறது. “இணையாடைத் தொகுப்பு போட்டுக் கொடு” என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கோயம்புத்தூரோடு குழம்பாதா என்று இருவர் கேட்டிருந்தீர்கள். ஒற்று விடாமல் எழுதினால் குழம்பாது. ‘ஆடை கோவை’ என்று பிரித்து எழுதினால் ஊர், ‘ஆடைக்கோவை’ என்று சேர்த்து எழுதினால் தொகுப்பு. கையேட்டின் மெய்ப்பைப் பார்க்கும்போது இந்த ‘க்’ விடுபடாமல் நானே பார்த்துக்கொள்கிறேன்.

இதோடு ஒட்டிய மூன்று சொற்களையும் முடித்துவிடலாம்.

‘பெர்சனல் ஸ்டைல்’ – தன்பாணி. ‘தனிப்பாணி’ என்றால் மற்றவரிடமிருந்து விலகித் தெரிவது என்றாகிவிடுகிறது. இங்கே சொல்ல வருவது தனக்கு ஒத்துவருவதை. தன்பாணியைக் கண்டுபிடிக்கப் படங்களைப் புரட்டச் சொல்லி எழுதுவதே எல்லோருக்கும் வழக்கம். நாங்கள் கையேட்டில் வேறு வழி சொல்கிறோம்: கொடியைப் பாருங்கள். ஒரு மாதம் கொடியில் திரும்பத் திரும்பக் காய்கிற உருப்படிகள் எவை என்று குறித்துவையுங்கள். கை தானாக எடுப்பது அவற்றைத்தான். அவற்றின் கழுத்து, கையின் நீளம், துணியின் கனம், நிறம் நான்கையும் எழுதிப் பார்த்தால் தன்பாணி முக்கால்வாசி தெரிந்துவிடும். அப்புறம் கடைக்குப் போனால் பார்த்ததெல்லாம் வேண்டும் என்று தோன்றாது.

‘காஸ்ட் பெர் வேர்’ – தடவையடக்கம். ஜவுளி வியாபாரத்தில் “அடக்கம் என்ன ஆச்சு?” என்பது அன்றாடப் பேச்சு, அடக்க விலையும் அதிலிருந்து வந்ததுதான். 2,400 ரூபாய் குர்த்தி நூறு தடவை போட்டால் தடவையடக்கம் 24 ரூபாய். தள்ளுபடியில் 600 ரூபாய்க்கு எடுத்து நாலு தடவையோடு மூலையில் போட்டதற்கு 150 ரூபாய். ‘ஒருமுறை அணிதலுக்கான செலவு’ என்று இதை விளக்கமாக எழுதலாம், ஆனால் கலைச்சொல்லாக அது நிற்காது.

‘நியூட்ரல் கலர்’ – பொதுநிறம். ‘நடுநிலை நிறம்’ என்ற சொல் இப்போதே சில இடங்களில் புழங்குகிறது, ஆனால் எதற்கு நடுவில் என்ற கேள்வி வருகிறது. எதனோடும் சேர்வதால் பொது. ஆங்கிலப் பட்டியல்களில் சாம்பல், நேவி நீலம், பழுப்பு மூன்றும் முதலில் வரும். நம் பட்டியலில் அரக்கும் சந்தனமும் கறுப்பும் முன்னால் நிற்க வேண்டும். வாடாமல்லி, மயில் கழுத்து, வெங்காயத் தோல் நிறம் எல்லாவற்றோடும் நம் கண் பழகிய துணை இவைதாம்.

அகராதிப் பதிவை இப்படி வைக்கலாமா என்று பாருங்கள்:

ஆடைக்கோவை (பெ.) – எண்ணிக்கையில் குறைந்ததாயினும், ஒவ்வொன்றும் மற்றவற்றோடு சேரும்படி தேர்ந்து வைத்த துணிமணித் தொகுதி. இலங்கை வழக்கு: உடுப்புக்கோவை. எ-டு: ‘பத்து உருப்படி கொண்ட ஆடைக்கோவையில் ஒரு மாதம் அலுவலகம் போய்வரலாம்.’

மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். அதைவிட நல்ல சொல் வந்தால் இதை விட்டுவிட நான் தயார், ஒன்றோடொன்று சேர்தல் என்ற பொருள் மட்டும் அதில் இருக்க வேண்டும்.

இன்னொரு சொல்லுக்கும் உதவி தேவைப்படுகிறது. மற்றதெல்லாம் பொதுநிறத்தில் அடங்கி இருக்க, கண்ணில் பளிச்சென்று படுகிற ஒற்றை உருப்படியை ‘ஸ்டேட்மென்ட் பீஸ்’ என்கிறார்கள். பட்டு ஷாலாகவும் இருக்கலாம், பெரிய ஜிமிக்கியாகவும் இருக்கலாம். ‘எடுப்புருப்படி’ என்று நான் எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஒலி கரடுமுரடாக இருக்கிறது. ‘எடுப்பணி’ என்றால் நகைக்கு மட்டும் பொருந்துகிறது. ‘எடுப்பு’ என்று விட்டுவிடலாமா? கடைகளில் “இந்தக் கலர் எடுப்பா இருக்கும்” என்று சொல்வதைப் பெயர்ச்சொல்லாக ஆக்கினால் போதுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.