"உடம்பைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்றார்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

பெரியகல்லாற்றிலிருந்து:

கல்யாணமாகி ஐந்தாவது வருடமும் குழந்தை தங்கவில்லையென்று மருத்துவரிடம் போனேன். வயது 31, உயரம் 156 சென்ரிமீற்றர், எடை 82 கிலோ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி 33-ஐத் தாண்டியிருந்தது. நான் உட்காரும் முன்பே, "உடம்பைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு, எப்படி என்று ஒரு சொல் இல்லை. பஸ் கல்லடிப் பாலம் ஏறியதிலிருந்து களுவாஞ்சிகுடி வரை அழுதேன்.

இரண்டாவது மருத்துவர் ஸ்கேன் பார்த்து, சூலகத்தில் நீர்க்கட்டிகள் இருக்கின்றன என்று விளக்கினார். உடலில் இன்சுலின் கூடினால் சூலகம் ஆண் ஹோர்மோனை அதிகமாகச் சுரக்கும். அதில் ஒரு பகுதியைக் கொழுப்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். மூளையிலிருந்து சூலகத்துக்கு வரும் சைகை குழம்பி, முட்டை முதிராமலே நின்றுவிடும். எடை கூடியவர்களுக்கு முட்டையை வளர்க்கும் ஊசி மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும் என்றார். ஆனால் அவர் கேட்டது 20 கிலோ அல்ல. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்குமாம். என் கணவரையும் பரிசோதிக்கச் சொன்னவர் இவர்தான்.

மாமி இரவுச் சோற்றை நிறுத்தி, குரக்கன் புட்டு அவித்துத் தந்தார். ஏழு மாதத்தில் 76 கிலோவுக்கு வந்தேன். ஊராருக்கு அப்போதும் நான் குண்டுப் பெண்தான். ஆனால் மாதவிடாய் ஒழுங்காக வந்தது. முட்டை முதிர உதவும் லெட்ரோசோல் மாத்திரை எடுத்த மூன்றாவது மாதம் கரு தங்கியது. மகளுக்கு இப்போது இரண்டு வயது.

காத்தான்குடியிலிருந்து:

தங்கச்சி, அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் 31 வயதில் போனீர்கள், நான் போனது 38-இல். எடை குறைந்த பிறகே ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் சிகிச்சை) செய்யலாம் என்றார்கள். சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடந்து நடந்து, ஒன்றரை வருடத்தில் 14 கிலோ குறைத்தேன். சீனியும் பிரஷரும் இறங்கின. ஆனால் கொழும்புக்குப் போய் முட்டை எடுத்தபோது இரண்டுதான் கிடைத்தன. இரண்டும் கருவாகவில்லை. வயது போய்க்கொண்டிருக்கிறது என்று அந்த ஒன்றரை வருடத்தில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லையே என்ற வேதனை இன்னும் ஆறவில்லை.

2016-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றைப் பின்னர் வாசித்தேன். எடை கூடிய 577 பெண்களில் ஒரு பகுதியினர் ஆறு மாதம் எடை குறைத்துவிட்டுச் சிகிச்சைக்குப் போனார்கள், மற்றவர்கள் உடனே தொடங்கினார்கள். இரண்டு வருடத்தில், எடை குறைத்தவர்களுக்கு இயற்கையாகக் கரு தங்கியது அதிகம். ஆனால் ஆரோக்கியமான பிரசவங்கள் அவர்களிடம் கூடவில்லை. எடை கூடினால் கருச்சிதைவும் கர்ப்பகால நீரிழிவும் வரும் அபாயம் அதிகம் என்பது உண்மை, அதனால் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 35 வயதைத் தாண்டிய சகோதரிகள், எத்தனை மாதம் காத்திருக்கலாம் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

எனக்கு நேர்மாறு. 158 சென்ரிமீற்றர், 41 கிலோ. மாதவிடாய் நின்று எட்டு மாதமாகியும், மெலிந்தவள் என்பதால் எடையைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்தான் தராசில் ஏற்றிப் பார்த்து, உடற்திணிவுச் சுட்டி 18.5-க்குக் கீழே போனாலும் முட்டை வராது போகலாம் என்று சொல்லி மருத்துவரிடம் அனுப்பினார். எருமைத் தயிரும் முட்டையும் மீனுமாகச் சாப்பிட்டு 47 கிலோவுக்கு வந்தபோது மாதவிடாய் திரும்பியது. அடுத்த மாதம் சிகிச்சை தொடங்குகிறோம்.