1966 எம்.ஜி.பி. என்றார்கள், முதல் கியர் வேறு சொன்னது

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போய் ஏமாந்த கதை, தப்பித்த கதை எது இருந்தாலும் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் இருப்பது ரெடிங்கில். போன வருடம் கென்ட் பக்கம் ஒரு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் விற்பனைக்கு வந்தது. 1966 வண்டி, சிவப்பு, குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், எல்லாமே ஒரிஜினல் என்று விளம்பரம். போய் நின்றதும் விற்பவர் பானட்டைத் தூக்கிக் காட்டினார். வண்டி எண் தகட்டில் ஜி.எச்.என்.3 என்று தொடங்கும் எண், ஆரம்பகால ரோட்ஸ்டருக்கு உரியது. எஞ்சின் எண்ணின் தொடக்கம் 18 ஜி.பி.; 1964 அக்டோபரில் ஐந்து பேரிங் கிராங்க் வந்தபோது தொடங்கிய வரிசை, சரியாகப் பொருந்துகிறது. வண்டி தொழிற்சாலையை விட்டு எப்படி வெளியே வந்தது என்று சொல்லும், கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கொடுத்த சான்றிதழும் வைத்திருந்தார். அதிலும் அதே எஞ்சின் எண். நிறம் மட்டும் ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட். “நிறம் மாற்றுவது சகஜம்தானே” என்றார். சகஜம்தான். பாதி விழுந்துவிட்டேன்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். ரவுண்டானாவுக்கு முன்னால், வண்டி மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே முதல் கியருக்குத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. அங்கேதான் வயிற்றில் புளி கரைத்தது. 1967 கடைசி வரை எம்.ஜி.பி.யில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது நகரும்போதே சத்தமில்லாமல் கியர் விழ வைக்கும் அமைப்பு, கிடையாது. நகரும்போது தள்ளினால் கரகரவென்று கத்தும். அடுத்த வடிவமான மார்க் 2 வந்தபோதுதான் நான்கு கியருக்கும் சிங்க்ரோ கொடுத்தார்கள். அந்தக் கியர்பாக்ஸ் உருவில் பெரியது என்பதால் தரையின் நடுவே மேடாக ஓடும் டனலையே அகலமாக்கினார்கள். பழைய பாடிக்குள் அதைச் சும்மா தூக்கி மாட்டிவிட முடியாது.

திரும்பி வந்ததும், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறக்கலாமா என்று கேட்டேன். குரோம் பம்பர் வண்டிகளில் அதன் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். இங்கே ஒரே ஒரு 12 வோல்ட். அது மட்டுமென்றால் குற்றம் சொல்ல மாட்டேன், பலரும் அப்படி மாற்றிக்கொள்வார்கள். ஆனால் இரண்டாவது பேட்டரிக்கான பெட்டியே இல்லை. வெறும் தகரம். 1974 கடைசியில் ரப்பர் பம்பரோடு வந்த அமைப்பு இது. டிக்கி ஓரத்து விரிப்பைக் கொஞ்சம் தூக்கினால் உள்ளே சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. மஞ்சள்!

மறுபடி பானட்டைத் திறந்தோம். ரேடியேட்டர் எஞ்சினை விட்டுத் தள்ளி, முன்னால் போய் நிற்கிறது. 1976 நடுவில்தான் அதை அங்கே நகர்த்தினார்கள். வந்ததிலிருந்து அதன் மேல் குனிந்துதான் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் படவே இல்லை. எண் பொருந்துகிறதா என்று தேடுபவனுக்கு எண் மட்டும்தான் தெரியும்போல.

ஆக, 1966இன் தகடும் எஞ்சினும் பத்து வருடம் இளைய பாடியில் ஏறியிருக்கின்றன. இங்கே ரொம்ப நாள் 1973க்கு முன் செய்த வண்டிக்கு மட்டும்தான் சாலை வரி விலக்கு இருந்தது. அந்த ஆசையில் யாரோ எப்போதோ செய்த வேலையாக இருக்கலாம் என்பது என் ஊகம். விற்றவருக்கே தெரியுமோ தெரியாதோ. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “டீ குடிக்கிறீர்களா?” என்றார். குடித்துவிட்டுத்தான் வந்தேன், நல்ல டீ.

—

கோவென்ட்ரியிலிருந்து:

என் கதை தலைகீழ், அண்ணா. டிரையம்ஃப் டி.ஆர்.6. இந்த ஊரில், கான்லியில் செய்த வண்டி. முதல் சில வருடங்களில் இங்கிலாந்துக்கு என்று செய்தவற்றுக்கு லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், 150 குதிரைத்திறன், எண் சி.பி. என்று தொடங்கும். அப்போது அமெரிக்காவுக்குப் போனவற்றில் இரட்டை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர், எண் சி.சி. நான் பார்த்த வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம், இன்ஜெக்‌ஷன் மாட்டியிருந்தது, டிக்கியில் அதற்கான பம்ப் வரை இருந்தது. தகட்டில் சி.சி.! அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து வேஷம் மாற்றிய வண்டி. அதைக் காட்டி விலையைக் குறைத்து நானே வாங்கிவிட்டேன். அடியில் துரு இல்லை, எனக்கு அதுதான் முக்கியம். நான் விற்கும்போது சி.சி. என்று சொல்லித்தான் விற்பேன்.

—

லீட்ஸிலிருந்து:

ஜாகுவார் இ-டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் எண்ணை, மேலே மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட்டில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். எண்ணெய் ஃபில்டருக்கு மேலே, எஞ்சினின் உடலான பிளாக்கிலும் அடித்திருப்பார்கள். கையில் டார்ச்சும் பழந்துணியும் வேண்டும், அழுக்கு அப்படி. எனக்குக் காட்டியது 1963, 3.8 லிட்டர். ஹெட்டில் ஆர் என்று தொடங்கும் எண், சரி. துடைத்துப் பார்த்தால் பிளாக்கில் 7 இ. அது 1964 அக்டோபரில் வந்த 4.2 எஞ்சினின் வரிசை. ஓட்டுவதற்கு ஒன்றும் மோசமில்லை, ஆனால் கேட்ட விலை ஒரிஜினல் எஞ்சினுக்கான விலை.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: பானட்டில் காந்தம் வைத்துப் பார்த்தீர்களா? 1966 எம்.ஜி.பி. என்றால் பானட் அலுமினியம், ஒட்டாது. ரவுண்டானா வரை போயிருக்கவே வேண்டாமே.

—

ரெடிங்கிலிருந்து, மறுபடி நான்:

வைக்கவில்லை சார். காந்தம் சட்டைப் பையில்தான் இருந்தது, சைடில் தகரத்துக்குப் பதிலாக ஃபில்லர் (துருவை மறைக்கப் பூசும் பசை) இருக்கிறதா என்று பார்க்கக் கொண்டுபோனது.