விறகு அடுப்பின் புகை: அவசரமாக ஆலோசனை தேவை

தொண்டியான்: காக்காமார்களுக்கும் லாத்தாமார்களுக்கும் ஸலாம். புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டில் குளிருக்கு விறகு அடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. நேற்று முதல் புகைபோக்கியிலிருந்து வெண்சாம்பல் நிறப் புகை அண்டை வீட்டுச் சன்னல் பக்கம் இறங்குவதால் அவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். கைக்குழந்தை இருப்பதால் அடுப்பை அணைக்கவும் வழியில்லை. என்ன செய்வது?

கீழக்கரை லாத்தா: எந்த நாடு, என்ன விறகு என்று எதையும் சொல்லவில்லையே தம்பி. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் கடன் வாங்கித்தான் கம்பளி வாங்கினோம். பேசாமல் மின் சூடேற்றி ஒன்று வாங்கிவிடுங்கள்.

மண்டபத்தான்: வெள்ளைப் புகை வெறும் நீராவிதான், அஞ்ச வேண்டாம்.

சாயல்குடியான்: அது பாதி உண்மை. நீராவி புகைபோக்கியின் வாயைத் தாண்டியதும் கரைந்துவிடும். கீழே இறங்கி வீதியில் தங்காது. நம் பக்கத்துக் கரிமூட்டத்தில் வெள்ளையாகத் திரண்டெழும் புகை மெலிந்து நீலமானால் மரம் கரியாகிவிட்டது என்று பொருள். ஆனால் அடுப்பில் நீலச்சாம்பல் புகை நீடித்தால், எரிய வேண்டிய வாயுவும் தாரும் வீணாகி, புகைபோக்கிக் குழாயின் உட்சுவரில் படிந்து, ஒரு நாள் அங்கேயே தீப்பிடிக்கவும் கூடும்.

கீழக்கரை லாத்தா: ஊரில் சீமைக்கருவேலை ஒழிக்க வழி தேடுகிறார்கள், இங்கே ஒரு வலைப்பை விறகுக்குக் கொடுக்கும் காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

தொண்டியான்: நாடு இங்கிலாந்து. விறகு வீட்டுக்காரரின் கொட்டகையில் கிடந்தது. பட்டை இறுகப் பிடித்திருக்கிறது, எரியும்போது அறுத்த முனையில் நுரை கொப்பளிக்கிறது. விடியும்வரை தாங்கட்டும் என்று காற்றுத் துளையை ஏறக்குறைய மூடி வைக்கிறேன்.

சாயல்குடியான்: நுரை வந்தால் அது பச்சை விறகுதான். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ‘ரெடி டு பர்ன்’ (எரிக்கத் தயார்) முத்திரை பார்த்து இன்றே ஒரு பை வாங்குங்கள். காற்றுத் துளையை முழுதாகத் திறந்து, காய்ந்த சுள்ளியால் குழாயைச் சூடாக்கிய பிறகு சிறு துண்டுகளாகப் போடுங்கள். பற்றவைத்த சிறிது நேரம் புகை வரும். அதன்பின் புகைபோக்கியின் வாயில் அனல் அலையாடுவது மட்டுமே தெரிய வேண்டும். குழாயைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று வீட்டுக்காரரிடமும், புகை விடுவதற்குக் கட்டுப்பாடு உள்ள பகுதியா என்று உள்ளூர் கவுன்சிலிலும் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியாது. ஆகவே அதற்கான எச்சரிக்கைக் கருவியை இன்றிரவுக்குள் பொருத்திவிடுங்கள். பச்சை விறகைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றுப் படும்படி அடுக்கினால் பின்னாளில் உதவும். ஓக் மரமாக இருந்தால் காய இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம்.