மஞ்சளாகும் வெட்சி இலைகள்

கேள்வி (கிளிநொச்சி): வணக்கம். எங்கள் வளவில் சீமெந்து மதிலோரம் நட்ட வெட்சிச் செடிகளின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. நாள்தோறும் கிணற்றுநீரே ஊற்றுகிறேன். பூக்கொத்துகளும் குறைந்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில் (வவுனியா): இவை இரும்புச்சத்துக் குறைபாட்டின் அறிகுறிகள். கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த வெட்சி அமில மண்ணையே விரும்பும். மதிலிலிருந்து கசியும் சுண்ணாம்பும், வன்னிக் கிணறுகள் பலவற்றின் கடின நீரும் மண்ணைக் காரமாக்குவதால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க இயலாமற் போகிறது. செடியை மதிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி நட்டு, மக்கிய மாட்டெருவும் இலைமக்கும் இடுங்கள். மாரியில் மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். சாம்பலை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், அது காரத்தைக் கூட்டும்.

பதில் (முல்லைத்தீவு): மேலே கூறியது சரி. வெட்சி புதுத் தளிர்களின் நுனியில் பூப்பதால், பூத்து முடிந்ததும் நுனிகளைக் கத்தரியுங்கள். நிழலில் நின்றாலும் பூ குறையும். தொல்காப்பியம் ஆநிரை கவர்தலுக்கு வெட்சி என்று பெயரிட்டது. அந்தச் செடி நம் முற்றத்தில் வாடக்கூடாது.

கேட்டவர்: மிக்க நன்றி. இதுவரை சாம்பலும் போட்டு வந்தேன், இன்றே நிறுத்துகிறேன்.