நோட்டீஸ் அட்டையில் பாட்டில் படம் போட்டால் என்ன குடிமுழுகிப் போச்சு?

வெட்டொன்று:
குடிநோய் சிகிச்சை நோட்டீஸில் பாட்டிலும் கவிழ்ந்து கிடக்கும் ஆளும் இருந்தால் வெட்கப்பட்டு யாரும் எடுக்க மாட்டார்களாம். நேற்று ஒரு மேதாவி எழுதியது. குடிக்கும்போது வராத வெட்கம் காகிதத்தைத் தொடும்போது எங்கிருந்து வருகிறது?

மேகலை:
அந்த மேதாவி நான்தான். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் நாலு பேர் பார்க்க அதை எடுப்பதும், நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதும் ஒன்றுதான். சிக்கலில் இருக்கும் பலர் தெருவில் விழுந்து கிடப்பதில்லை. குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு வேலைக்குப் போகிறார்கள். படத்தைப் பார்த்ததும் “நாம இவ்வளவு மோசமில்லை” என்று நிம்மதியாக நகர்ந்துவிடுவார்கள்.

வெட்டொன்று:
பாட்டில் வேண்டாம், சரி. ரோஜாப்பூ போடலாமா மேடம்?

மேகலை:
“தூக்கம், ரத்த அழுத்தம், குடி: பத்துக் கேள்விகள்” என்று போடுங்கள். குடிப் பழக்கம் எந்த அளவு சிக்கலானது என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் (AUDIT) கேள்வித்தாளில் பத்துதான் இருக்கிறது. 8 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.

சும்மாஒருவன்:
2010-இல் அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மனநல சிகிச்சையாளர்களிடம் ஒரே நோயாளிக் குறிப்பைக் கொடுத்தார்கள். சிலர் குறிப்பில் நோயாளியை ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்’ என்றும், சிலர் குறிப்பில் ‘போதைப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’ என்றும் எழுதியிருந்தது. முதல் வகையைப் படித்தவர்களே தண்டனைப் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். சிகிச்சையாளர்களே இப்படி என்றால்...

வெட்டொன்று:
அது வார்த்தை. நான் கேட்டது பாட்டில். குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களில் “நான் குடிநோயாளி” என்று அவர்களே எழுந்து சொல்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு ஏன்?

மேகலை:
அது கதவைச் சாத்திக்கொண்டு, தன்னைப் போன்றவர்கள் நடுவில், தானாகச் சொல்வது சார். ரிசப்ஷனில் அல்ல.

பழையகணக்கு:
மேகலை, சிகரெட் பாக்கெட்டில் நோயின் கோரப் படம் போட்டதை நீங்களே மெச்சினீர்களே? அந்த விவாதம் இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

மேகலை:
அது விற்கிற சரக்கின் மேல். இது உதவி தேடுகிறவர் கையில். அந்த விவாதத்தில் என்னை ‘போலி முற்போக்கு’ என்றதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பழையகணக்கு:
சொல்லும் உத்தேசமும் இல்லை.

சும்மாஒருவன்:
படத்தை விடுங்கள். அந்த நோட்டீஸில் “இன்றே நிறுத்து” என்ற கொட்டை எழுத்து யார் கண்ணிலும் படவில்லையா? பல காலம் தினமும் அதிகம் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வை வேண்டும்.

வெட்டொன்று:
ஆக, எழுத்தில்தான் தப்பு, பாட்டிலில் இல்லை. சும்மாஒருவனே என் கட்சி.

சும்மாஒருவன்:
நான் எப்போது அப்படிச் சொன்னேன்?

வெட்டொன்று:
மேலே படித்துப் பாருங்கள். ரோஜாப்பூ கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.